கோடையில் எடுத்த பறவைக் கணக்கை வைத்துக் குளத்தருகே தொழிற்பூங்காவுக்கு அனுமதி கேட்கலாமா?

குளத்தங்கரை வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில், வடகிழக்குப் பருவமழையை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு பெரிய குளத்தின் கரையில் எங்கள் ஊர் இருக்கிறது. குளத்துக்குக் கிழக்கே உடைமரமும் புல்லுமாகக் கிடக்கும் மேட்டு நிலத்தில் ஒரு தொழிற்பூங்கா வரவிருப்பதாகவும், அதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் டிசம்பர் முதல் வாரத்தில் நடக்கும் என்றும் நாளிதழில் அறிவிப்பு வந்திருக்கிறது. திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை ஊராட்சி அலுவலகத்திலும், ஆங்கில வரைவு அறிக்கையை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் உட்கார்ந்து படித்தேன்.

பறவைகளைப் பற்றி அதில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலுமாக நான்கு நாள், காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள். காகம், மைனா, கரிச்சான், பனங்காடை எனப் பட்டியல் நீள்கிறது. நீர்ப்பறவை என்று மடையானும் உண்ணிக்கொக்கும் மட்டுமே உள்ளன. அதன் கீழே, "வலசைப் பறவைகள் எவையும் காணப்படவில்லை, குளம் ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருப்பதால் பறவைகளின் வாழிடமாக அதற்கு முக்கியத்துவம் இல்லை" என்று முடித்துவிட்டார்கள். பத்து கிலோமீட்டர் சுற்றளவில் சரணாலயம் ஏதுமில்லை என்றும் ஒரு வரி இருக்கிறது. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் அந்த வட்டத்துக்குச் சற்று வெளியே இருப்பதால் அது உண்மைதான்.

நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். தீபாவளி கழிந்து குளத்தில் தண்ணீர் ஏறியதும் சிறு வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். தை மாதத்து விடியற்காலையில் தலையில் கறுப்புப் பட்டை போட்ட பெரிய வாத்துகள் எங்கள் வயல்களின் மேல் கத்திக்கொண்டு போவதைக் கேட்டுத்தான் என் அம்மா எழுந்திருப்பார். பங்குனி பாதியில் எல்லாம் போய்விடும். சித்திரையில் வந்து பார்ப்பவருக்கு வெடித்த மண்தான் தெரியும்.

தொழிற்பூங்கா வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. என் அண்ணன் மகனுக்கே அங்கு வேலை கிடைக்கலாம். ஆனால் குளத்தில் ஒன்றுமே இல்லை என்று எழுதிவைத்து அதன் மேல் அனுமதி கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை. இப்படிக் கோடையில் மட்டும் கணக்கெடுப்பது விதிப்படி சரிதானா? குளிர்காலக் கணக்கெடுப்பை முறையாக எப்படிச் செய்ய வேண்டும்? ஊர்க்காரர்களான நாங்கள் எடுக்கும் கணக்குக்கு மதிப்பு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்கொத்தி

நண்பரே, நான் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளுக்காகப் பறவை, விலங்குக் கணக்கெடுப்புச் செய்து வருகிறேன். நீங்கள் விவரித்த ஒன்றரைப் பக்கத்தைப் போல நானே எழுதியிருக்கிறேன் என்பதால் இந்தக் கேள்வி என்னைத் தைக்கிறது.

முதலில் விதி. 2006ஆம் ஆண்டின் மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அறிக்கை தயாரிக்கும்போது, எவற்றை ஆய்வு செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆய்வு வரையறையில் வழக்கமாக "மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் அடிப்படைத் தரவு" கேட்கப்படும். காற்றிலுள்ள தூசியை அளப்பதற்கு இது பொருத்தமான ஏற்பாடு, ஏனென்றால் மழை பெய்தால் தூசி அடங்கிவிடும். அந்த மூன்று மாதத்துக்குக் காற்று, நீர், ஒலி ஆகியவற்றை அளக்கும் குழு ஊரில் முகாமிட்டிருக்கும்போதே பறவை பார்ப்பவரையும் நான்கு நாள் அனுப்பிவிடுவது நிறுவனங்களுக்குச் செலவு குறைந்த வழி. மார்ச் முதல் மே வரையிலான காலத்தைத் தேர்ந்துகொண்டால் மழையின் தொந்தரவும் இராது. ஆகவே உங்கள் அறிக்கை விதியின் எழுத்தை மீறியிருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கணக்கெடுப்பதை அந்த விதி தடுக்கவும் இல்லை. நம் ஊரில் அந்த இரண்டு மாதமும் மழைக்காலம் அல்ல. வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும் காலம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் இதே போன்ற ஒரு குளத்துக்கு என்னை அனுப்பினார்கள். குளத்தடி பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புகளின் ஓரத்தில் வெளுத்த நத்தை ஓடுகள் குவிந்திருந்தன. குனிந்து பார்த்தபோது காய்ந்த சேற்றில், கரையோரம் இரைதேடும் பறவைகளான உள்ளான்களின் கால்தடங்கள் அப்படியே பதிந்து இறுகிப்போயிருந்தன. அந்தக் குளத்தடியில் கிடை போட்டிருந்த பெரியவர், "தையில வந்திருக்கணும்யா, இப்ப வந்து என்னத்தப் பாப்பீக?" என்றார். கால்தடங்களைப் படத்தோடு சேர்த்து, குளிர்காலத்தில் மீண்டும் பார்த்தாக வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இறுதி அறிக்கையில் "நீர்ப்பறவைகள் காணப்படவில்லை" என்ற ஒரே வரிதான் மிஞ்சியது. நான் அப்போது வாய் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

"காணப்படவில்லை" என்பது பொய்யல்ல. அதிலிருந்து "முக்கியத்துவம் இல்லை" என்று தாவியதுதான் பிழை. உங்கள் எதிர்ப்பை அந்தத் தாவலின் மேல் வையுங்கள்.

இனி, முறையான குளிர்காலக் கணக்கெடுப்பு. வலசை போகும் பறவைகள் எல்லாம் ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போவதில்லை. உப்புக்கொத்திகளிலும் உள்ளான்களிலும் சில செப்டம்பரிலேயே வந்துவிடும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் ஆகியவை குளம் நிறைந்த பிறகு சேரும். பட்டைத்தலை வாத்து இமயத்தைக் கடந்து வந்து சேர டிசம்பர், ஜனவரி ஆகும். ஆகவே அக்டோபர் முதல் மார்ச் வரை, மாதத்துக்கு இரண்டு முறையாவது, அதே இடங்களில் நின்று, அதே நேர அளவுக்கு எண்ண வேண்டும். பிரிட்டனில் கட்டுமானத் திட்டங்களுக்கான குளிர்காலக் கணக்கெடுப்பு இந்த ஆறு மாதத்தை ஒட்டியே அமைகிறது. கடலோரமாக இருந்தால் ஓதம் ஏறும்போதும் வடியும்போதும் தனித்தனியாக எண்ணுவார்கள். நம் குளத்தில் ஓதம் இல்லை. அதன் இடத்தை இங்கு நீர்மட்டம் எடுத்துக்கொள்கிறது. குளம் முட்ட நிறைந்திருக்கும்போது உள்ளான்களுக்குக் கால் வைக்கச் சேறு கிடைக்காது. தை, மாசியில் தண்ணீர் இறங்கி ஓரம் வெளிப்படும்போதுதான் கொசு உள்ளானும் பவளக்காலியும் கருவால் மூக்கனும் கரையோரம் பரவும். ஆகவே ஒவ்வொரு முறையும் மடைக்கல்லில் தண்ணீர் எந்த அளவில் நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு குளிர்காலம் போதுமா என்றால், போதாது என்பேன். 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஒரு மானாவாரிக் குளத்தைப் பார்த்து முடிவு சொல்லியிருந்தால் அது மே மாதத்து முடிவைப் போலத்தான் இருந்திருக்கும். எதிர்த்திசையில், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் உங்கள் பகுதியில் எத்தனையோ குளங்கள் உடைந்தன. உடையாதவற்றில் ஆழம் அதிகமானதால் பறவைகள் வேறு இடம் தேடின. இரண்டு ஆண்டுக் கணக்கு கேட்பது நியாயமான கோரிக்கை. கிடைக்காவிட்டால், பழைய ஆண்டுகளின் பொதுத் தரவை இணைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. அறிக்கை குளத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது. திட்டம் வரப்போவதோ அந்தப் புல்மேட்டில். குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் பகலெல்லாம் வயல்களிலும் பொட்டல்களிலும் தாழப் பறந்து இரைதேடி, அந்தி சாயும்போது இப்படிப்பட்ட புல்வெளிகளில் ஒன்றுகூடித் தரையிலேயே உறங்கும். காலை ஏழு மணிக்கு வந்தவர் அவற்றைப் பார்த்திருக்க முடியாது. சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போய், நன்றாக இருட்டும்வரை தொலைவில் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். உள்ளே நடந்து கலைத்துவிட வேண்டாம்.

பிசானம்

தம்பி, நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இப்போது தாமிரபரணிப் பாசனத்தில் சிறிது வயல் பார்க்கிறேன். தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் தொடர்ந்து கலந்துகொள்கிறேன். அந்தக் கணக்கெடுப்பு 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நம் பகுதிக் குளங்களில் நடக்கிறது. முதலில் உங்கள் குளம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இலிருந்து ஜனவரியில் நடக்கிறது. 2015இலிருந்து பொங்கல் விடுமுறை நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, அதில் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து எண்ணி பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் இபேர்டு இணையதளத்தில் பதிவேற்றுகிறார்கள். உங்கள் குளத்தின் பெயரில் பத்தாண்டுக்கு முந்தைய பட்டியல் ஒன்று அங்கே கிடந்தாலும் அது உங்களுக்குச் சாட்சி. வனத்துறையும் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. அந்தப் பதிவையும் கேட்டுப் பெறலாம்.

எண்ணுவது கடினமல்ல, பொறுமை வேண்டும். ஆயிரம் வாத்து ஒன்றாக மிதக்கும்போது ஒவ்வொன்றாக எண்ண முனைந்தால் பாதியில் குழம்பிவிடும். கூட்டத்தின் ஓரத்தில் பத்தை எண்ணி, அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் பிடித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மேல் அடுக்கிக்கொண்டே போக வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, எழுதிய பிறகே ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளுங்கள். இனம் தெரியாவிட்டால் "உள்ளான், இனம் தெரியவில்லை" என்று எழுதுவதில் குறை ஒன்றுமில்லை. ஊகித்து எழுதிய ஒரு பெயர் பிழையென்று தெரிந்தால் மற்ற பெயர்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

உப்புக்கொத்தி சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். நீலச்சிறகியும் ஊசிவாலும் பகலில் குளத்து நடுவில் தலையை முதுகில் செருகிக்கொண்டு உறங்கும். மேய்வது பெரும்பாலும் இரவில். பொழுது சாய்ந்து முகம் தெரியாத நேரத்தில் எங்கள் மடைவாசலில் நின்றால், விசிறி வீசுவது போன்ற சிறகொலியோடு கூட்டம் கூட்டமாகத் தலைக்கு மேலே பிசானப் பருவத்து நெல்வயலுக்குப் போவது கேட்கும். காலையில் வரப்போரத்தில் சிறகும் எச்சமும் கிடக்கும், புதிதாக நட்ட நாற்று சில இடங்களில் மிதிபட்டுக் கிடக்கும். பகலில் வயலைச் சுற்றி வந்தவர் அங்கே வாத்தே இல்லை என்றுதான் எழுதுவார். எனவே குளத்திலிருந்து பறவைகள் எந்தத் திசைக்குப் போகின்றன, எவ்வளவு உயரத்தில் போகின்றன என்பதை அந்தியில் குறியுங்கள். குளத்துக்கும் வயலுக்கும் நடுவில் அந்தப் பூங்காவும் அதன் உயரழுத்த மின்கம்பிகளும் வருமானால், குளத்தில் ஒரு கை மண் கூடப் போடாமலே அது பறவைகளுக்கு உதவாத குளமாகிவிடும்.

வேடந்தாங்கலை நினைத்துப் பாருங்கள். ஏரி சிறியதுதான், ஆனால் 1998இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவித்தார்கள். அங்கே கூடு கட்டும் பறவை சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும்தான் இரை தேடுகிறது.

நெய்தல்

வழக்கறிஞர் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். மேலே இருவரும் சொன்னவை சரியானவை, ஆனால் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கிடைக்கும்போது எதை முன்வைப்பது என்பது வேறு கேள்வி.

ஈரநிலப் பாதுகாப்பு விதிகளை முதன்மை ஆயுதமாக எடுக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு விதிகள் பாசனத்துக்கென்று மனிதர் அமைத்த நீர்நிலைகளையும், நெல்வயல்களையும், உப்பளங்களையும் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கியிருக்கின்றன. "இது பாசனக் குளம்" என்ற ஒரே பதிலில் உங்கள் வாதம் முடிந்துபோகும். தென்தமிழ்நாட்டில் வலசை வாத்துகள் தங்கும் இடங்களில் மிகப் பெரும்பாலானவை இத்தகைய குளங்களே என்பதை எண்ணும்போது, இந்த விலக்கு எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆனால் இன்றைய நிலை அதுதான்.

கடலோர ஒழுங்குமுறையிலும் பறவைகளின் கூடுகட்டும் இடங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே கூடு கட்டாமல் இரைதேடவும் இளைப்பாறவும் வரும் குளிர்காலப் பறவைகள் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டா. சூரியமின், காற்றாலைத் திட்டங்கள் 2006 அறிவிக்கைக்குள்ளேயே இல்லை. உங்களுக்கு வருவது தொழிற்பூங்கா என்பதால், பொதுக் கருத்துக்கேட்பு என்ற கதவாவது திறந்திருக்கிறது.

அந்தக் கதவைப் பயன்படுத்தும் வழி இது. கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவரோ தலைமை தாங்குவார். நடப்பது முழுவதும் வீடியோவில் பதிவாகும். பேசியதோடு நிறுத்தாமல் எழுத்து மூலமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே எழுப்பப்படும் முக்கியமான கவலைகளுக்கு இறுதி அறிக்கையில் திட்டத்தினர் பதில் சொல்லியாக வேண்டும். மாநில வல்லுநர் மதிப்பீட்டுக் குழு அந்த அறிக்கையை ஆராயும்போது கூடுதல் ஆய்வு கேட்க முடியும். எனவே "இத்திட்டத்தை நிராகரிக்க வேண்டும்" என்று தொடங்குவதைவிட, "அக்டோபர் முதல் மார்ச் வரை குளத்திலும் திட்ட நிலத்திலும் அந்திக் கணக்கு உட்படப் பறவை ஆய்வு நடத்தி, அது வந்த பிறகே மதிப்பீடு செய்ய வேண்டும்" என்று குறிப்பான கோரிக்கையாக வையுங்கள். அடிப்படைத் தரவு விண்ணப்பத்தின்போது மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது என்பது அமைச்சகத்தின் நிலைப்பாடு. அந்த வரம்புக்குள் ஒரு குளிர்காலத்தைக் கூடச் சேர்க்க நேரமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தகவலை வேண்டுமென்றே மறைத்தால் அனுமதியை மறுக்கவோ ரத்துசெய்யவோ அறிவிக்கையில் இடமிருக்கிறது. ஆனால் அந்தக் குற்றச்சாட்டை இப்போது எழுப்பாதீர்கள். மே மாதத்தில் வாத்து இல்லை என்பது உண்மை. மறைத்தார்கள் என்று நீங்கள் சொன்னால் அவர்கள் எளிதில் மறுத்துவிடுவார்கள், உங்கள் நியாயமான கேள்வியும் அதோடு சேர்ந்து அடிபட்டுவிடும். நாளை உங்கள் மனுவையும் கணக்கையும் பெற்றுக்கொண்ட பிறகும் அதே வரியை அப்படியே விட்டார்களானால், அப்போது நிலைமை மாறும். அனுமதி வழங்கப்பட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அன்றைக்குத் தேதியும் நேரமும் போட்ட உங்கள் நோட்டுதான் பேசும்.

குளத்தங்கரை வாசி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நெய்தல் அவர்கள் சொன்னபடி மனுவை எழுதத் தொடங்கிவிட்டேன். பிசானம் ஐயா சொன்ன இடத்தில் தேடியதில், எங்கள் குளத்தின் பெயரில் 2018, 2020 ஆகிய ஆண்டுகளின் ஜனவரிப் பட்டியல்கள் இரண்டு கிடைத்தன. யார் எவரென்று தெரியாத யாரோ இரண்டு பேர் இங்கே வந்து எண்ணிப் போயிருக்கிறார்கள். அவர்களை நினைத்து நெகிழ்ந்துபோனேன். இரண்டிலும் பட்டைத்தலை வாத்து இருக்கிறது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலையில் நானும் அண்ணன் மகனும் எண்ணினோம். குளம் இப்போது முக்கால் பங்கு நிறைந்திருக்கிறது. சனிக்கிழமை நீலச்சிறகி 340, ஞாயிற்றுக்கிழமை 410, மொத்தம் 750. நாமக்கோழி ஏராளம். ஞாயிறு மாலை புல்மேட்டின் தெற்கு ஓரத்தில், சாலையிலிருந்தே, இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். ஆறு பூனைப்பருந்துகள் ஒவ்வொன்றாக வந்து, புல்லின் மேல் இரண்டு மூன்று முறை சுற்றி, ஒரே பரப்பில் இறங்கின, மீண்டும் எழவில்லை. இத்தனை ஆண்டுகள் அந்த மேட்டைக் கடந்து போயிருக்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. இந்தக் கணக்கை மனுவோடு இணைக்கலாமா?

உப்புக்கொத்தி

கட்டாயம் இணையுங்கள், ஆனால் 750 என்று எழுத வேண்டாம். சனிக்கிழமை பார்த்த வாத்துகளில் பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே இருந்திருக்கும். இரண்டு நாளின் எண்ணையும் தனித்தனியே கொடுத்து, "ஒரே நாளில் கண்ட மிகுதியான எண்ணிக்கை 410" என்று எழுதுங்கள். எதிர்த்தரப்பில் என்னைப் போன்ற ஒருவர் உட்கார்ந்திருந்தால் முதலில் கை வைப்பது அந்தக் கூட்டல்மேல்தான். நாமக்கோழிக்கும் "ஏராளம்" என்று போடாமல் ஓர் எண்ணைப் போடுங்கள். ஒன்றுமே வராத நாளையும் விடாமல் எழுதுங்கள்.

பருந்துகள் இறங்கிய இடத்தை அறிக்கையிலுள்ள திட்ட வரைபடத்தின் நகலில் குறித்து, நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தையும் திசையையும் அம்புக்குறியால் காட்டுங்கள். ஆறு பருந்து என்பது நவம்பருக்கு நல்ல தொடக்கம். எண்ணிக்கை கூடுகிறதா என்பதை ஜனவரியிலும் பாருங்கள்.

காலையில் எந்தக் கரையில் நின்று எண்ணினீர்கள்? ஊர்ப் பக்கம், அதாவது மேற்குக் கரை என்றால், வெயில் முகத்தில் அடித்து வாத்தெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரிந்திருக்கும். நீலச்சிறகிக்கு நடுவில் தட்டைவாயன் கலந்திருந்தாலும் பிரித்தறிய முடிந்திருக்காது. அடுத்த முறை கிழக்குக் கரைக்குப் போய், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு எண்ணுங்கள். வருகிற சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. தொலைவிலுள்ள பறவையைப் பெரிதாகக் காட்டும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் முக்காலியும் எடுத்துக்கொண்டு ஐந்தரை மணிக்கெல்லாம் உங்கள் மடையருகே வந்துவிடுகிறேன்.